மூன்று விலைப்புள்ளிகள்

அயனாவரத்தில் பேட்டரிக் கடை மாடி.
சக்கர நாற்காலி இரவல் தரும் சங்கம்,
லிஃப்ட் இல்லை.
ஆறு பேர், மழை வந்தால் இரையும்
ஒரே ஒரு தொலைபேசி.

ரிஸ்வான் லேப்டாப்பைத் திறந்தார்.
எட்டு இணைப்பு. பதினாறு இணைப்பு.
கிளவுடில் ஒன்று, மாத வாடகை, ஜிஎஸ்டி தனி.
"போன டிசம்பரில் மேகம்தானே
எங்கள் வயரை ஊறப்போட்டது" என்றேன்.
சிரிக்கப் பழகியவர், சிரித்தார்.

தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்.
நாற்காலி வேண்டுமெனில் இரண்டு.
திருப்பித் தர, மூன்று.

"எதையுமே அழுத்தாதவங்களுக்கு?"
எஸ்தர்தான் கேட்டாள்.
"பத்து விநாடி பார்க்கும் மேடம்.
அப்புறம் தானா கட்டாயிடும்."

அவள் பேரேட்டைப் புரட்டினாள்.
ஆடி மாதம், ஓட்டேரியிலிருந்து ஒருவர்.
நாற்காலியைத் திருப்பித் தரணும் என்றார்.
அம்மா நடக்கிறாங்களா என்று
இவள் சந்தோஷமாகக் கேட்டுவிட்டாள்.
அதன்பின் அந்தப் பக்கம்
மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்.
"பதினோரு நிமிஷம் சார்.
அவரும் வைக்கலை. நானும் வைக்கலை."

பொருளாளர் நான்.
இருப்பதில் மலிவான தாளை இழுத்து
ஓரத்தில் எழுதினேன்:
எதையும் அழுத்தாவிட்டால்
எஸ்தர் மேசையில் மணி அடிக்க வேண்டும்.

"அதுக்குத் தனி சார்ஜ் வரும் சார்."
"எவ்வளவு?"

அவர் கால்குலேட்டரைத் தேடும்போதே
பழைய போன் அடித்தது.
எஸ்தர் எடுத்தாள்.
சொல்லுங்க என்றாள்,
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
நாங்கள் இருவரும்
குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.