இரண்டு நிமிடம் பதினோரு நொடி

ஸாயெச்சாரிலிருந்து வந்த பார்சலில்
ஒரு கேசட். உறைமேல் நீல மையில்:
"சனி இரவு, எண்பத்தைந்து. வேலை செய்யவில்லை."

அந்நாளில் வானொலியே நிரல்களை ஒலிபரப்பும்.
"தயாராகுங்கள்" என்பார் அறிவிப்பாளர்,
பிறகு மூன்று நிமிடம்
இரும்பை இரும்பால் சீவும் கீச்சு.
தெசாங்கா வீட்டில் இணைப்புக் கம்பி கிடையாது.
மைக்கை வானொலிமுன் பிடித்தபடி
மூச்சடக்கி நின்றிருக்கிறாள்,
பதினாறு வயதில்.

கணினியும் வீட்டிலேயே பற்றவைத்ததுதான்.
'கே' விசை இல்லை; அந்த இடத்தில்
கோட்டுப் பொத்தான் ஒன்று.

நோவி சாதில், என் மேசையில்,
நாடாவை ஓடவிட்டேன். அலைகள் ஒழுங்காகத்தான் வந்தன,
இரண்டு நிமிடம் பதினோரு நொடிவரை.
அங்கே ஓர் இருமல்.
அடக்கப் பார்த்து, முடியாமல்
வெடித்த பையனின் இருமல்.
பின்னாலேயே ஒரு "உஷ்!"

இருநூறு பிட்டுகள் அதில் மூழ்கிப்போயின.
நான்கு நாள் உட்கார்ந்து
ஒவ்வொன்றாய்க் கணக்குப் போட்டு மீட்டேன்.
விளையாட்டு ஓடியது: ஒரு புள்ளி
கிணற்றுக்குள் விழுகிறது. அவ்வளவே.
தவறு செய்தால் மறுபடி விழுகிறது.

கோப்பை அனுப்பினேன், பெருமையாகத்தான்:
"இரைச்சலை நீக்கிவிட்டேன்."

ஒரு வாரம் கழித்துப் பதில்.
புள்ளியைப் பற்றி ஒன்றுமில்லை.
"அது வுகாஷின். அதற்கப்புறம் மூன்று மாதம்
அவனோடு பேசவில்லை நான்.
நீக்கியதை வைத்திருக்கிறீர்களா?"

வைத்திருந்தேன்.
முக்கால் நொடி.
அனுப்புமுன் அளவு பார்த்தேன்:
அந்த விளையாட்டைவிடப் பெரியது.