நிலம் காய்ந்திருக்கிறது

படிவத்தில் ஒன்பது கேள்விகள்.
டொக்டர் நிலந்தி சிங்களத்தில் கேட்பார்,
நான் தமிழில் கேட்பேன்,
பதிலைத் திருப்பிச் சிங்களத்தில் கொடுப்பேன்.
நாளொன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.
பகலில் ஒரு சோற்றுப் பார்சல்.

வெல்லம்பிட்டியில் தண்ணீர் வடிந்து பதினோராம் நாள்.
ஆறாம் வகுப்பு 'பி'
இப்போது நான்கு குடும்பங்களின் வீடு.
கரும்பலகையில் பின்னக் கணக்கொன்று
விடையில்லாமல் நிற்கிறது.
அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

"போன ரெண்டு கிழமையில
எத்தனை நாள் நித்திரை வரல்ல?"
ஜெஸீமா யோசித்தாள்.
"நித்திரை வருது, மிஸ்.
நான்தான் அதோட போறதில்ல."

டொக்டர் என்னைப் பார்த்தார்.
என்னிடம் சிங்களம் இருந்தது,
அந்த வாக்கியம் அளவுக்கு இல்லை.
"நித்திரை குறைவு" என்றேன்.
மூன்றாவது பெட்டியில் சரி போட்டார்.
அன்று நான் செய்த முதல் களவு.

மனச்சோர்வு என்ற சொல்லை
அச்சில் பார்த்திருக்கிறேன்.
அந்த வகுப்பறையில் யாரிடமும் அது இல்லை.
"கல்பு கனக்குது" என்பார்கள்,
அதற்குமேல் கேட்டால்
பிள்ளையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வார்கள்.
லாசரஸ் அண்ணன் ஒன்பதுக்கும் "ஒண்டுமில்ல" என்றார்.
உள்ளங்கையில் சாவிக்கொத்து.
கால்வாய்க்கரையில் அவர் வீட்டுக்கு
இப்போது கதவு கிடையாது.

ஐந்தாவது கேள்வியில் டொக்டர் பேனாவை மூடினார்.
படிவத்தில் இல்லாததைக் கேட்டார்:
இரவில் என்ன செய்கிறீர்கள்?

ஜெஸீமா குனிந்து
நிலத்தில் கையை விரித்து வைத்தாள்.
"இப்பிடி.
ரெண்டு மணிக்குத்தான் வந்திச்சு, மிஸ். சத்தமே இல்ல.
பாய் நனைஞ்சிருந்திச்சு.
புள்ள மூத்திரம் பேஞ்சிட்டான் எண்டு
இருட்டுல அவனுக்கு அடிச்சிட்டேன்.
நான் இல்ல உம்மா, நான் இல்ல எண்டான்."

அதை மட்டும்
ஒரு சொல் குறையாமல் கொடுத்தேன்.
சிங்களத்திலும் அதே நீளம்தான்.
மூலையில் அந்தப் பையன்
பிஸ்கட் பெட்டியில் சக்கரம் வரைந்துகொண்டிருந்தான்,
எங்களைப் பாராமல்,
பாராமலிருக்க நன்றாகப் பழகியவனாக.

டொக்டர் குளிசை எழுதவில்லை.
இவளுக்குப் பதிலாக யார் முழித்திருப்பது என்று
அறையைப் பார்த்துக் கேட்டார்.
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும்.
பிறகு ஒருத்தி, பத்திலிருந்து பன்னிரண்டு வரை நான், என்றாள்.
பன்னிரண்டுக்கு அவள் மைத்துனி.
இரண்டு மணிக்கு ஆள் இல்லை.

கொட்டாஞ்சேனைக்குக் கடைசி பஸ்ஸை
வேண்டுமென்றே விட்டேன்.

இரண்டு மணி.
சீமெந்தில் கை வைத்தேன்.
ஒருவரும் எனக்கு எச்சரிக்கவில்லை:
குளிரும் ஈரமும் தோலுக்கு ஒன்றுபோலத்தான்.
விரல்களை உரசிப் பார்த்தேன்,
டோர்ச் அடித்துப் பார்த்தேன்,
மோந்தும் பார்த்தேன்.

"மிஸ்?"
கண் திறக்காமல் கேட்டாள்.
"நிலம் காய்ஞ்சிருக்கு."
பத்து நிமிடம்.
"மிஸ்?"
"காய்ஞ்சிருக்கு."
வெளியே லொறி போகும் சத்தம்
தண்ணீர்போல வந்து லொறியாகவே போனது.
"மிஸ்?"
மழை தூறியது. அதை நான் சொல்லவில்லை.
இரண்டாவது களவு.
"காய்ஞ்சிருக்கு, ஜெஸீமா."

மூன்றரைக்குப் பிறகு கேள்வி வரவில்லை.
வராத கேள்வியை
எந்த மொழிக்கு மாற்றுவது?
பழக்கத்தில் ஒருதரம் சொன்னேன்,
தூங்கும் காலடிகளுக்கு.

நான்கு மணிக்குச் சாவிச் சத்தம்.
லாசரஸ் அண்ணன், சாரத்தை மடித்துக் கட்டியபடி.
அவர் பெயர் பட்டியலில் இல்லை.
பக்கத்தில் மெல்லக் குந்தினார்.
சாவிக்கொத்தை மடியில் செருகிவிட்டு,
"கையை எங்க வைக்கிறது, தங்கச்சி?" என்றார்.

காட்டினேன்.