யார் அனுப்பினார்கள்

வாழப்பாடி தாண்டி எங்கள் சேகோ ஆலை.
மொம்பாசாவுக்கு நாங்கள் போன வழி
கடல்வழி என்று பாஸ்புக் சொல்லும்.
உண்மையில் அது
செவ்வாய்ப்பேட்டை நட்வர்லால் கடையின் மாடிப்படி.

அவர் தம்பியின் மச்சினனுக்கு அங்கே மொத்த மளிகை.
ஒரு போன். பதினெட்டு டன்.
சாம்பிள் கேட்கவில்லை, லேப் ரிப்போர்ட் கேட்கவில்லை.
நட்வர் சொன்னால் சரி.

ஏகாதசி, நவராத்திரி, சிராவண சோமவாரம்:
அந்த ஊரில் எங்கள் சரக்கை வாங்கியவர்கள்
விரதம் இருப்பவர்கள் மட்டும்.
ஆறு வருடம் அதே பதினெட்டு.
கூட ஒரு மூட்டை என்றால் நட்வர்லால் சிரிப்பார்:
"எங்க ஆளுங்க பட்டினி கிடக்கிறதே அவ்வளவுதாம்மா."
கயிறு எட்டிய வரைதான் எனக்குக் கிணறு.

பிறகு அவர்களுக்குள் ஒரு சம்பந்தம் முறிந்தது.
நிச்சயித்த பெண் யாரோ பல்டாக்டரைக் கட்டிக்கொண்டாள்.
நல்லா இருக்கட்டும்.
என் கன்டெய்னர் தூத்துக்குடியில் பதினொரு நாள் நின்றது,
நின்றதற்கு வாடகை டாலரில்.

நேரில் போனேன்.
ஒன்பது வரவேற்பறை.
ஈரம் எத்தனை சதவீதம், வெண்மை எவ்வளவு, புளிப்பு எவ்வளவு,
எல்லாம் மனப்பாடம்.
யாரும் கேட்கவில்லை.
எல்லா மேஜையிலும் ஒரே கேள்வி: யார் அனுப்பினார்கள்?
சேலம் என்றேன்.
சேலம் ஒரு ஆள் என்று நினைத்து
ஒருத்தர் அவர் நம்பர் கேட்டார்.

அன்று சாயங்காலம் கடலோரத்தில்
கரியில் சுட்ட கிழங்கு, எலுமிச்சை, மிளகாய்த்தூள்.
பிளந்ததும் நடுவில் ஓடிய நாரைப் பார்த்தேன்.
அறிமுகம் இல்லாமலே
அந்த ஊரில் என்னைத் தெரிந்திருந்தது அது ஒன்றுதான்.
"முஹோகோ" என்றாள் விற்றவள்.
"குச்சிக்கிழங்கு" என்றேன்.
இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தோம்,
அவளுக்கு 'ழ' வரவில்லை,
எங்கள் ஆலை லோடுமேன்களுக்கும் வராது.

ருகியா. அவள் அண்ணன்
ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு மாவு வாங்குகிறவன்.
ஆக, அதுவும் ஒரு அண்ணன்தான்.
மறுநாள் பத்தாவது வரவேற்பறையில்
"ருகியா" என்றேன். கதவு திறந்தது.

ஜவ்வரிசி இல்லை, வெறும் ஸ்டார்ச்.
மாதம் நாலு டன், லாபம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.
இப்போது ஏழு.

போன வாரம் தம்மம்பட்டியிலிருந்து
புது ஆலைக்காரர் ஒருவர், விசாகன்,
என் மாடிப்படி ஏறி வந்தார்.
"மொம்பாசாவில் யாரையாவது தெரியுமாங்க?"

உட்காருங்க, டீ சொல்றேன் என்றேன்.
டீ வரும்வரை
ஏழில் எத்தனை போகும் என்று
மனசுக்குள் கழித்துக்கொண்டிருந்தேன்.
டீ வந்து, ஆறியும் விட்டது.