கழுத்தில் இரண்டு இடம்

செவ்வாய்க்கிழமை, சேரம்பாடிக்கு மேலே,
சிவபாக்கியத்தின் லயத்துக்குப் பின்னால்
மழை விட்டிருந்தது, கூரை விடவில்லை.
பிளேடால் மயிர் வழித்தேன்,
தீப்பெட்டி அளவில் இரண்டு இடம்.
மேலே போடுவது கோழிக் கிருமிக்கு,
கீழே போடுவது மாட்டுக் கிருமிக்கு என்றேன்.
சிரித்துவிட்டாள்.
"எங்க மாட்டுக்கு எதுக்கு டாக்டரம்மா கோழி ஊசி?"

பசுவின் பெயர் ராகலை.
கப்பலேறுமுன் அவள் அப்பா
கவ்வாத்து வெட்டிய மலையின் பெயர்.
"நான் பார்த்ததில்ல.
கூப்பிட்டா இது திரும்பிப் பார்க்குது, போதும்."

தோலை மடித்துக் காலிப்பரில் பிடித்தேன்.
இரண்டு இடத்திலும் ஏழு மில்லிமீட்டர்.
இனி எழுபத்திரண்டு மணி நேரம்
யாருக்கும் வேலையில்லை.

ராகலைக்கு இருந்தது.
புதன் காலை சதுப்புக்குப் போனது,
வனத்துறை வைத்த உப்புக்கட்டியில்
இரவு காட்டிகள் நக்கிய ஈரம் காயுமுன்
தன் நாக்கையும் வைத்தது.
வேலி உண்டு, வரைபடத்தில்.
மாலை நாலு லிட்டர் சொசைட்டிக்கு.
அரை லிட்டர் பக்கத்து வீட்டு ஷைலஜாவுக்கு,
காய்ச்சினால் சத்து போய்விடுமென்று
பச்சையாகவே, வெல்லம் தட்டிப் போட்டு,
மகன் நிவேத்துக்கு.

வெள்ளிக்கிழமை
தொடுமுன்பே தெரிந்தது.
மேலே எட்டு.
கீழே பதினாறு, சூடாக, கல்லாக.
சிவபாக்கியம் காலிப்பரைப் பார்க்கவில்லை,
என் முகத்தைத்தான் படித்தாள்.
"எலும்புருக்கியா? மாட்டுக்குமா?
எலும்பு எங்க உருகியிருக்கு, நல்லாப் பாருங்க,
கொழுத்துல்ல கிடக்கு."
பிறகு மெதுவாக,
"சர்க்கார் என்ன தரும்?"

என் பையில் ஒரு படிவம் இருந்தது.
தனியே கட்டிப் பராமரிக்கவும் என்றது அது.
அவள் வீட்டில் தனியே என்று ஓர் இடமில்லை.
கொட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு,
அடுப்புக்கு அந்தப் பக்கம் புருஷன்,
முந்தின வருஷம் ஆறு மாதம் மாத்திரை விழுங்கி
தேறிவிட்டதாகச் சொல்லப்பட்டவர்,
இருமிக்கொண்டு.
யார் யாருக்குக் கொடுத்தது என்று எழுத
படிவத்தில் கட்டமில்லை.
காட்டிக்கும் கட்டமில்லை.
மாசியில் சதுப்போரம் விழுந்து கிடந்த ஒன்றை
நான்தான் அறுத்தேன்.
நுரையீரலில் கத்தி போன இடமெல்லாம்
திரிந்த பால்.

சனிக்கிழமை
முளையில் கயிறு மட்டும் இருந்தது.
"தாளூர்ப் பக்கம், சொந்தக்காரங்க வீட்டுக்கு"
என்றாள், சாணியைப் பார்த்தபடி.
தாளூரில் செக்போஸ்ட் இருக்கிறது.
அது லாரிக்கு.
தேயிலைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதை
எந்த மாநிலத்தையும் கேட்பதில்லை.
அந்தப் பக்கம் யாரோ
வழித்த இடத்தைத் தடவி
"இதெந்தா?" என்றிருப்பார்.
உண்ணி கடித்தது என்று
பதில் சொல்லியிருப்பார்கள்.
இன்று மாலை அங்கே எத்தனை வீட்டுக்கு
எத்தனை லிட்டர், எனக்குத் தெரியாது.
அவர்கள் வைக்கும் பெயருக்கு
அது திரும்பிப் பார்க்குமா, அதுவும் தெரியாது.

சத்தம் போடத்தான் போயிருந்தேன்.
ஆரம்பிக்குமுன்
தூக்குப் பாத்திரத்தோடு வாசலில் நிவேத்.
"பால் இல்லியா அக்கா?"
தாடைக்குக் கீழே, இடது பக்கம்,
நெல்லிக்காய் மாதிரி இரண்டு.
பல் முளைக்கும் வீக்கமென்று
விபூதி பூசியிருந்தார்கள்.
விரல் வைத்தேன். வலிக்கவில்லை என்றான்.
வலித்திருந்தால் எனக்கு நிம்மதி.
காலிப்பர் பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.

பந்தலூர் ஆஸ்பத்திரிக்கு இப்பவே போகணும் என்றதும்
ஷைலஜா ஈரக்கையோடு வந்து நின்றாள்.
"நீங்க மாட்டு டாக்டரல்லே?"
ஆமாம் என்றேன்.
அவளைப் பின்னால் உட்காரச் சொன்னேன்,
அவனை நடுவில்.
என் ஹெல்மெட்டை அவனுக்கு மாட்டினேன்.
பெரிது அவனுக்கு.
கழுத்து வரை இறங்கி
இரண்டையும் மூடிக்கொண்டது.