தொண்டை அளவு

புளியரை சோதனைச் சாவடி.
ஆரியங்காவுப் பக்கமிருந்து
பெர்மிட் காட்டாமல் இறங்கி வருகிறது சாரல்.
பினோயின் லாரியில் நாற்பது பெட்டி பொம்மை.
ஒன்றிலும் ஐஎஸ்ஐ முத்திரை இல்லை.

என் வேலை, பொல்லாத பிள்ளையாக விளையாடுவது.
கரடியின் கண்ணைப் பிடுங்குவேன்.
ஜீப்பை இடுப்பு உயரத்திலிருந்து போடுவேன்,
மறுபடி போடுவேன்.
உதிர்ந்ததைப் பொறுக்கி
எவர்சில்வர் குழாயில் இட்டுப் பார்ப்பேன்.
ஒரு குழந்தையின் தொண்டை அளவுக்குக் கடைந்த குழாய்.
உள்ளே அடங்கினால் தோல்வி.

கண் அடங்கியது. சக்கரம் அடங்கியது.
கிலுகிலுப்பைக்குள் இத்தனை நாள்
சிரித்துக்கொண்டிருந்த ஏழு மணிகளும்
ஒன்றன்மேல் ஒன்றாக அடங்கின.
"பிள்ளைங்க இதையா திங்கும், சாரே?"
"திங்கும்" என்றேன்.

பெட்டிகளைச் சாக்கில் தைத்து
கம்பி முறுக்கி, ஈய வில்லை நசுக்கி
சீல் வைத்து முடிக்க மணி மூன்று.
டீக்கடை நஜ்மாவின் மகள், ஒன்றரை வயசு,
கரடிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
என் மேஜைக்கடியில் உட்கார்ந்து
எதையோ சப்பிக்கொண்டிருந்தாள்
கண்ணை மூடி, அவ்வளவு ருசியாக.

விரல் விட்டுத் தோண்டினேன்.
எச்சில் நூலோடு வந்தது
சிங்கத் தலை பாதி பதிந்த
அரசாங்க ஈயம்.

தன் பொம்மையைப் பிடுங்கிவிட்டதாக
வீறிட்டாள். நஜ்மா ஓடி வந்து
என்னைத்தான் முறைத்தாள்.

லாரி திரும்பிப் போனது.
ஒருவரும் பார்க்காத நேரத்தில்
குழாயை எடுத்து
அதையும் போட்டேன்.

அடியில்
டிக் என்றது.