நேர்காணல் முடிந்து, பாம்பன் பேருந்தில்

படிப்பென்று எழுதவா, அனுபவமென்று எழுதவா
என்று கேட்டார் ராமநாதபுரத்து மேலாளர்.
பேனா இரண்டு கட்டத்துக்கும் நடுவில் நின்றது.
பிசியோ பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆனவள்
மறுபடி பதினெட்டு மாதம்
இன்னொருத்தியின் கண்முன்னால் வேலை பார்த்ததை
எந்தக் கட்டத்தில் அடைக்க?
கடைசியில் இரண்டுக்கும் வெளியே, ஓரத்தில்,
பொடி எழுத்தில் ரெசிடென்சி என்று எழுதி
அடிக்கோடு போட்டார்.
மற்றவர்களைவிட நாலாயிரம் கூட்டித் தருவாராம்.

உச்சிப்புளி வருவதற்குள்
டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுவிட்டேன்.
பயிற்சியில் மாதம் பதினாறாயிரம்.
மதுரையில் விட்டுவந்த வேலையில் முப்பத்தாறு.
பதினெட்டு மாதத்தில் போனது மூன்று லட்சத்து அறுபது.
நாலாயிரம் நாலாயிரமாக அது திரும்பி வர
ஏழரை வருஷம்.
அத்தானிடம் சொன்னால்
"சரியாப் போச்சு, ஏழரையேதான்" என்பார்.
கூடப் படித்த ஹில்மியா
தோஹாவில் வாங்கிய காரின் படம் அனுப்பியிருக்கிறாள்.
வெள்ளைக் கார். நன்றாகத்தான் இருக்கிறது.

தங்கச்சிமடத்தில் முதல் வாரம்
கித்தேரியம்மாளின் வலது தோளைத் தூக்கிப் பார்த்து
உறைந்த தோள் என்று எழுதினேன்.
மெழுகு ஒத்தடம், மெஷின், பத்து நாள்.
மதுரையில் ஒரு நாளைக்கு
இப்படி நாற்பது தோள் பார்த்திருக்கிறேன்.
திரைக்குப் பக்கத்தில் நோட்டுடன் நிலோஃபர்.
கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் பின்னால் வந்தவள்.
அவர் போனபின் நோட்டைத் திருப்பிக் காட்டினாள்:
கேட்ட கேள்வி பதினொன்று.
அதில் ஏழுக்கு
அவர் வாய் திறக்குமுன்
நானே பதில் சொல்லியிருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.
கோபம்தான், வேறென்ன.

மூன்றாம் நாள் விடியுமுன் குந்துகால் கரைக்குப் போனேன்.
கித்தேரியம்மாள்
பாதத்தில் அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்.
விரல்களுக்கு ஒவ்வொன்றாய்த் துணி சுற்றினார்,
பல்லால் முடிச்சை இறுக்கினார்.
தோள் அதுவரை எதுவும் பேசவில்லை.
பாசி பிடுங்கும்போதும் வலிக்காதாம்.
நனைந்த சாக்கை ஒற்றைக் கையால்
வள்ளத்துக்குள் வீசும்போதுதான்,
அதுவும் முகக்கண்ணாடியோடு கழுத்தை நிமிர்த்தினால்தான்,
"சுளீர்னு மின்னும், அப்புறம் விரல் எனக்குச் சொந்தமில்ல."
மெழுகு ஊற்றிய இடம் ஒன்று,
வலி புறப்பட்ட இடம் இன்னொன்று.

கழுத்துக்குப் பயிற்சி கொடுத்தேன்.
சாக்கைத் தூக்க ஆள் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.
"யாரு கூலியப் பிரிப்பா?" என்றார்.
அதற்கு என் பாடத்தில் பதில் இல்லை.
அவரே மருமகளோடு கயிறு போட்டு
இரண்டு இழுப்பில் ஏற்றப் பழகினார்.
ஏழாவது வாரம் கடலுக்குப் போனார்.

சூசை வரவில்லை.
பக்கவாதத்தில் மடங்கிய இடது கையில்
சுண்டுவிரல் மட்டும் விரிந்த மாதத்தோடு
வருவதை நிறுத்திக்கொண்டார்.
ஆட்டோவுக்குக் காசில்லை என்றார்கள்,
என்மேல் கோபம் என்றும் சொன்னார்கள்.
நிலோஃபர் அவர் பெயருக்கு எதிரில்
ஒரு பக்கத்தை வெறுமையாகவே விட்டுக் கொடுத்தாள்.
நீ நிரப்பு என்றாள்.
இன்னும் நிரப்பவில்லை.

மேலாளர் இதையெல்லாம் கேட்கவில்லை.
எந்த மெஷின் இயக்கத் தெரியும் என்று கேட்டார்.
எல்லாம் தெரியும் என்றேன்,
எதற்கு வேண்டாம் என்பதும் தெரியும் என்றேன்.
சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.
அந்த நாலாயிரம்
அப்போது வந்ததாகத்தான் இருக்கவேண்டும்.

மண்டபம் தாண்டிவிட்டது.
பாலத்தில் காற்று ஜன்னல் கம்பியை ஊதுகிறது.
டிக்கெட்டை மடித்துப் பைக்குள் போட்டேன்.
முன் சீட்டில் ஐஸ் பெட்டியோடு ஒருவர் தூங்குகிறார்.
தலை வலப்பக்கமே சாய்கிறது,
பேருந்து தூக்கிப்போட்டாலும்
மறுபடி வலப்பக்கமே.
பழக்கமா, வலியா,
பெட்டியை எந்தத் தோளில் சுமப்பார்,
எத்தனை மணிக்கு முழிப்பார்.
பதில் எதையும் நான் சொல்லவில்லை.
அவர் எழுந்திருக்கட்டும்.