திகைக்க வைக்கும் பொருள்

மேசைமேல் ஒரு வாழையிலைப் பொட்டலம்.
நூலில் தொங்கும் சீட்டு: சான்று 114.
உள்ளே எட்டுக் காளான்கள்
ஓவஹாக்கா மலையடிவார நீதிமன்றத்தில்
மின்விசிறிக் காற்றுக்கு
மணிக்கு மணி சுருங்கிக்கொண்டிருக்கின்றன.

குற்றப்பத்திரிகையில் அவற்றுக்கு ஸ்பானியப் பெயர்:
எஸ்துபெஃபசியென்தே.
சொல்லைப் பிரித்துப் பார்த்தால்
திகைக்க வைப்பது, அவ்வளவுதான்.

தமிழில் எழுதும் எனக்குச் சுலபம்.
'போதைப்பொருள்' என்று ஒரே எட்டில் தாண்டிவிடலாம்,
பின்னாலேயே போதம் வந்து
என்னை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்காதவரை.

துபாஷி பிளாசிதோவுக்கு அந்த வசதி இல்லை.
அவனுடைய மசாத்தெக்கில் அப்படியொரு சொல் கிடையாது.
தொண்டையைச் செருமிக்கொண்டு
கையிருப்பதைக் கொண்டு கட்டினான்:
"அம்மா, திகைக்க வைக்கும் பொருள்
உங்களிடம் இருந்ததாம். உண்மையா?"

எவுஸ்தோலியா யோசித்தாள்.
நீதிபதி கைக்கடிகாரத்தைப் பார்க்குமளவுக்கு யோசித்தாள்.

"திகைக்க வைத்தது என்றால்,
என் இரண்டாவது பிள்ளை கால் முதலில் வந்தது.
மழை விடாத செப்டம்பரில்
ரொமுவால்தோவின் காப்பித் தோட்டம்
மரங்கள் நின்ற நிலையிலேயே
மலையிறங்கிப் போனது.
போன வருஷம் அதே காப்பிக்கு
மூட்டைக்கு அவர்கள் கொடுத்த விலை.
இதில் எது என்னிடம் இருந்தது என்கிறார் ஐயா?"

"பொட்டலத்தில் இருப்பது என்னவென்று கேள்"
என்றார் நீதிபதி.

அவள் குரலைத் தாழ்த்தினாள்,
தூங்குகிறவர்களைப் பற்றிப் பேசுவதுபோல.
விதைக்காமல் முளைத்து வரும் சின்னவர்கள், என்றாள்.
பிளாசிதோ ஸ்பானியத்துக்கு மாற்றும்போது
முளைப்பது எங்கோ உதிர்ந்துவிட்டது,
சின்னவர்கள் மட்டும் வந்து சேர்ந்தார்கள்.

எழுத்தர் நிமிராமல் கேட்டார்: "எத்தனை பேர்?"
"நான்கு ஜோடி. எப்போதும் ஜோடியாகத்தான்."
எழுத்தர் பேனாவை நிறுத்தினார்,
அவள் இடுப்பை ஒரு தடவை பார்த்தார்,
சார்ந்திருக்கும் குழந்தைகள் என்ற கட்டத்தில்
எட்டு என்று நிரப்பினார்.

பிளாசிதோ வாயைத் திறந்தான்.
மூடிக்கொண்டான்.
பதினாறு வருஷத் துபாஷித் தொழிலில்
தெரிந்தே அவன் விழுங்கிய முதல் வாக்கியம்
மிளகாய் விதைபோல் உள்ளே போயிற்று.

எட்டுப் பிள்ளைக்காரிக்குச்
சொந்தப் பிணையில் விடுதலை.
கட்டைவிரலில் மை தடவி
அழுத்திவிட்டுத் தாவணியில் துடைத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு சீழ்க்கை,
ஏறி, வளைந்து, இறங்கியது.
காவலர் எவரும் திரும்பவில்லை.
அவள் தம்பிதான்: முடிந்ததா என்று கேட்கிறான்.
அந்த மொழியை
உதடு குவித்தும் பேசலாம்,
அதற்குத் துபாஷி வைப்பதில்லை.

வாசல்வரை போனவள் திரும்பி
மேசையைப் பார்த்தாள்.
"அவர்களை இங்கேயே விட்டுவிட்டா போவது?"

"என்ன சொல்கிறாள்?" என்றார் எழுத்தர்.

"நன்றி என்கிறாள்."